ஏற்றத்தில் மட்டும் நின்ற ஃபியட்: 1968 மாடல் 1100 டிலைட், மூன்று மலைப் பயணங்கள்

## எதற்காக இதை எழுதுகிறேன்

பழைய கார் ஏற்றத்தில் நின்றுவிட்டது என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் பதில் ஒன்றுதான்: பெட்ரோல் பம்பில் ஈரத் துணி சுற்று. நானும் சுற்றினேன். இரண்டு பயணங்களில் ஐந்து தடவை சுற்றினேன், ஐந்து தடவையும் வண்டி கிளம்பியது. அது கிளம்பியதாலேயே உண்மையான கோளாறு எது என்று தெரிய ஐந்து மாதம் பிடித்தது. நடுவில் ஒரு நாள் கார் தீப்பிடிக்கும் நிலை வரை போய்த் திரும்பியது. அன்று அம்மா வண்டியில் இல்லை. அதை இப்போதும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

கார் என்னுடையது. உதவிய மெக்கானிக், எலக்ட்ரீஷியன், நண்பர்கள் யாருடைய பெயரையும் கடைகளின் பெயரையும் எழுதவில்லை. அவரவர் தமக்குத் தெரிந்ததை வைத்து நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள். தேதிகளும் அளவுகளும் நான் காரிலேயே வைத்திருக்கும் நோட்டில் இருந்து எடுத்தவை.

## பின்னணி

2021 நவம்பரில் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு குடும்பத்தாரிடம் வாங்கினேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஓட்டிய கார். அவர் காலமான பிறகு ஆறு வருடம் தேங்காய்க் கொட்டகையில் நின்றிருக்கிறது. நம்பர் பிளேட் இன்னும் மெட்ராஸ் காலத்து எம் எழுத்தில்தான் தொடங்குகிறது. பாடி நன்றாக இருந்தது, இருக்கைத் துணிகூட பழையதுதான். ஆனால் வயரிங்கை எலி கடித்துக் குதறியிருந்தது.

இந்தக் காரின் வரலாறு இந்தக் கோளாறோடு சம்பந்தப்பட்டது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். இத்தாலியில் ஃபியட் 1100-ன் இந்த வடிவம் 1953-ல் வந்தது. அடுத்த ஆண்டே பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் அதைப் பூட்டத் தொடங்கியது. 1964-ல் டிலைட் வந்தது. பின்னர் அதே வண்டி பிரீமியர் பிரசிடென்ட் ஆகி, 1974-ல் பத்மினி ஆகி, கிட்டத்தட்ட 2000 வரை ஓடியது. 1089 சிசி எஞ்சின், ஸ்டீயரிங்கோடு ஒட்டிய கியர் லிவர், நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், பின்சக்கர இழுவை, எல்லாம் பெரிய மாற்றம் இல்லாமல் தொடர்ந்தன. ஒரே எஞ்சின் அரை நூற்றாண்டு ஓடியதால் 1968 வண்டிக்கு 1995 வண்டியின் சாமான் பொருந்தும். அதுதான் இந்தக் கார்களை நம் ஊர்களில் இன்னும் உயிரோடு வைத்திருக்கிறது. அதே காரணத்தால், பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்து மாட்டும் பழக்கமும் வந்துவிட்டது. இந்த நிகழ்வின் வேர் அங்கேதான் இருக்கிறது.

2022 மார்ச் வரை வேலை நடந்தது. பிரேக், கிளட்ச், ரேடியேட்டர், அப்புறம் முழு வயரிங். வயரிங் செய்த எலக்ட்ரீஷியன் பழைய இக்னிஷன் காயில் (பிளக்கில் பொறி வரவைக்கும் மின்சுருள்) வீங்கியிருப்பதாகச் சொல்லி, கையில் கிடைத்த ஒரு புதுக் காயிலை மாட்டினார். அளவு சரியாக இருந்தது, கிளாம்பில் உட்கார்ந்தது, வண்டி ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆனது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஒரு சின்ன விஷயம். 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த வின்டேஜ் பதிவு பற்றிப் பலர் கேட்டார்கள். அந்தப் பதிவு எடுத்தால் வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு மாதிரியானவற்றுக்கு மட்டும்தான் சாலையில் எடுக்கலாம். எனக்குக் கார் ஓட வேண்டும். அதனால் சாதாரணமாக எஃப்.சி. காட்டி ஆர்.சி.யைப் புதுப்பித்துக்கொண்டேன்.

2022 மார்ச்சில் வயரிங் முடிந்ததில் இருந்து 2023 மே வரை கோவைக்குள்ளும் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கமும் 2,900 கிலோமீட்டர் ஓடியது. வழியில் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

## முதல் பயணம்: 2023 மே

அம்மா கல்யாணமான புதிதில், 1979-ல், ஒரு வாடகை ஃபியட்டில் குன்னூர் போயிருக்கிறார். சிம்ஸ் பூங்காவில் எடுத்த போட்டோ இன்னும் வீட்டில் இருக்கிறது. அதே மாதிரிக் காரில் அதே இடத்துக்குப் போகவேண்டும் என்பது அவருடைய ஆசை. என்னுடையதும்தான்.

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மேட்டுப்பாளையம் தாண்டும்போதே மணி பதினொன்று. சீசன் நேரத்து ஒருவழிப் போக்குவரத்து; ஏறுவதெல்லாம் பர்லியார், குன்னூர் வழி, இறங்குவதெல்லாம் கோத்தகிரி வழி. கல்லாறு தாண்டியதும் பஸ்களுக்குப் பின்னால் முதல் கியரும் இரண்டாவது கியருமாக ஊர்ந்தோம். ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் வண்டி இரண்டு தடவை இருமியது, இழுவை குறைந்தது, நின்றுவிட்டது. வெப்ப முள் நடுவில்தான் இருந்தது. செல்ஃப் நன்றாகச் சுற்றியது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை.

பின்னால் வந்த லாரி டிரைவர் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். "ஃபியட்டுங்களா? பம்புல துணியப் போடுங்க, ஏர் லாக்கு" என்றார். அம்மா பையில் இருந்து துண்டை எடுத்து நனைத்துக் கொடுத்தார். சுற்றினோம். 25 நிமிடம் கழித்துக் கிளம்பியது. குன்னூர் போய்ச் சேர்வதற்குள் இன்னும் மூன்று தடவை நின்றது. நோட்டில் காத்திருந்த நேரம் இருக்கிறது: 25, 20, 30, 25 நிமிடம். சிம்ஸ் பூங்கா வாசலுக்குப் போனபோது அம்மா களைத்துப்போய் காரிலேயே உட்கார்ந்துவிட்டார், உள்ளே வரவில்லை.

திரும்பும்போது இறக்கம். கோத்தகிரி வழியில் எந்தத் தொல்லையும் இல்லை.

## அப்போது எடுத்த முடிவும் அதற்கான காரணமும்

நாற்பது வருடமாக ஃபியட் பார்க்கும் மெக்கானிக் ஒருவர் கோவையில் இருக்கிறார். கேட்டவுடன் சொன்னார்: "ஏர் லாக்குதானுங்க தம்பி. இப்ப வர்ற பெட்ரோல்ல ஸ்பிரிட்டு கலக்கறாங்கல்ல, சட்டுனு கொதிச்சுப்போகுதுங்க."

இதை லேசாகத் தள்ள முடியாது. பெட்ரோல் ஒரே திரவம் கிடையாது. அதில் உள்ள லேசான பகுதிகள் 40 டிகிரிக்குப் பக்கத்திலேயே ஆவியாகத் தொடங்கும். எத்தனால் கொஞ்சமாகக் கலந்தால் அந்த ஆவியழுத்தம் இன்னும் கூடும். 2022-ல் நாடு முழுவதும் 10 சதவீதக் கலப்பு வந்துவிட்டது, 2023-ல் 20 சதவீதக் கலப்புப் பெட்ரோலும் பெட்ரோல் பங்க்குகளுக்கு வரத் தொடங்கியது. மேலே போகப்போகக் காற்றழுத்தம் குறைவதால் எந்தத் திரவமும் முன்னதாகவே கொதிக்கும். குன்னூர் 1,850 மீட்டர் உயரம். இந்தக் காரில் பெட்ரோல் பம்ப், மெக்கானிக்குகள் ஏ.சி. பம்ப் என்று சொல்வது, எஞ்சின் பிளாக்கிலேயே பூட்டியிருக்கிறது. எஞ்சினின் சூடு முழுக்க அதற்கு வரும். குழாயில் ஆவி அடைத்தால் (ஏர் லாக் என்பது இதுதான்) பம்ப் வெறும் ஆவியைத்தான் அழுத்திக்கொண்டிருக்கும். இத்தனையும் சேர்ந்து ஒரே பக்கம்தான் கை காட்டியது, ஈரத் துணியும் வேலை செய்திருந்தது. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

ஏ.சி. பம்பைக் கழற்றி அந்த இடத்தைத் தகட்டால் மூடினோம். டிக்கியில் டாங்க் பக்கத்தில் ஒரு எலக்ட்ரிக் பம்ப் மாட்டி, சாவி போட்டதும் ஓடும்படி வயர் கொடுத்தோம். எஞ்சின் பக்கம் வரும் குழாய்க்கு வெப்பத் தடுப்பு நாடா சுற்றினோம். கார்புரேட்டருக்குப் போகும் கடைசி முக்கால் அடிக்கு, கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் கறுப்பு ரப்பர் ஹோஸ். மொத்தம் 4,800 ரூபாய்.

## இரண்டாம் பயணம்: 2023 ஆகஸ்ட்

இந்தத் தடவை வீட்டாரை அழைத்துப்போகவில்லை. இன்னொரு ஃபியட் வைத்திருக்கும் நண்பர் கூட வந்தார். பர்லியாரில் மங்குஸ்தான் சீசன், சாலையோரம் முழுக்கக் கூட்டம், அதனால் வண்டிகள் நின்று நின்று நகர்ந்தன. பர்லியாரை நெருங்கும்போதே முதல் தடவை நின்றது. குழாயிலும் கார்புரேட்டரிலும் துணி போட்டோம், 20 நிமிடத்தில் கிளம்பியது.

பர்லியார் தாண்டி இரண்டாவது தடவை நின்றபோது நான் சாவியை அணைக்காமல் செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தேன். பின்னால் பம்ப் டிக் டிக் என்று ஓடுவது கேட்டது. பானெட்டைத் திறந்த நண்பர் "சாவிய எடு! சாவிய எடு!" என்று கத்தினார். ஹோஸ் கார்புரேட்டர் முனையில் இருந்து கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. பம்ப் விடாமல் பெட்ரோலைப் பீய்ச்சியிருக்கிறது. எஞ்சின் மேல் விழுந்தது புகைமாதிரி ஆவியாகிக்கொண்டிருந்தது, மீதி தாரில் ஓடியது. சாவியை எடுத்தேன். நண்பர் பேட்டரி டெர்மினலைக் கழற்றினார். தீயணைப்பான் எங்களிடம் இல்லை. ஓரத்து மண்ணை அள்ளித் தாரில் போட்டோம். பின்னால் வந்த பஸ் கண்டக்டர் இறங்கி, சிகரெட் பற்றவைக்கப் போன ஒருவரைத் தடுத்து, எல்லாரையும் தள்ளி நிறுத்தினார். அவருக்கு நான் நன்றிகூட ஒழுங்காகச் சொல்லவில்லை.

எஞ்சின் நின்ற பிறகு ஏ.சி. பம்ப் நின்றுவிடும், ஏனென்றால் அதை ஓட்டுவதே எஞ்சின்தான். எலக்ட்ரிக் பம்ப் சாவி அணையும்வரை ஓடும். எஞ்சின் நின்றால் பம்புக்குக் கரண்ட்டை வெட்டும் ஏற்பாடு எதையும் நாங்கள் வைக்கவில்லை. இது இந்தப் பயணத்தில் நான் செய்த மிகப் பெரிய தவறு.

லாரியில் ஏற்றிக் கீழே கொண்டுவந்தோம். வீட்டில் அந்த ஹோஸை நீளவாக்கில் பிளேடால் அறுத்துப் பார்த்தேன். போட்டு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. உட்சுவர் உப்பி வழவழவென்று ஆகியிருந்தது. நகத்தால் தொட்டால் கண்மை மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்காத ரப்பர். உப்பியதில் கிளாம்புப் பிடி போயிருக்கிறது. அதோடு பம்பின் அழுத்தத்தைக் கேஜ் வைத்துப் பார்த்தால் 6 பி.எஸ்.ஐ. காட்டியது. இந்தக் கார்புரேட்டருக்குப் பழைய பம்ப் தருவது அதில் பாதிதான்.

## நோட்டைத் திறந்தபோது

பயணத்துக்கு வந்த நண்பர் இல்லை, இவர் வேறொருவர்: பம்ப்செட் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருப்பவர். காரைப் பற்றி அவருக்கு அவ்வளவாகத் தெரியாது. நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "வண்டி நின்ன உடனே கரண்ட் வருதான்னு பாத்தியா?"

பார்க்கவில்லை. ஆறு தடவை நின்றது, ஆறு தடவையும் பிளக்கில் கரண்ட் வருகிறதா என்று ஒருவரும் பார்க்கவில்லை. பெட்ரோல் வரவில்லை என்பதையும் ஒருவரும் கண்ணால் பார்க்கவில்லை. துணியைப் போட்டோம், காத்திருந்தோம், கிளம்பியது. ஆனால் காத்திருக்கும் அந்த 20, 25 நிமிடத்தில் பம்ப் மட்டும் ஆறுவதில்லை, பானெட்டுக்குக் கீழே உள்ள எல்லாமே ஆறுகிறது. துணியே போடாமல் காத்திருந்தாலும் கிளம்பியிருக்குமா என்ற கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை.

அப்புறம் நோட்டைப் புரட்டினார். 2,900 கிலோமீட்டருக்குள் டிஸ்ட்ரிபியூட்டரில் சி.பி. பாயிண்ட் (காயிலுக்குப் போகும் கரண்ட்டை விட்டு விட்டு வெட்டும் சின்ன சுவிட்ச்) மூன்று தடவை மாற்றியிருந்தேன். ஒவ்வொரு தடவையும் "பாயிண்ட் கருகியிருந்தது, மாற்றினேன்" என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. இப்போது வரும் பாயிண்ட் தரமில்லை என்று நினைத்து அதோடு விட்டிருந்தேன். மோட்டார் சுற்றுபவருக்கு அது அப்படித் தெரியவில்லை. "கரண்ட் ஜாஸ்தி போகுது. எங்க போகுதுன்னு பாக்கணும்" என்றார்.

## கொட்டகைச் சோதனை: 2023 அக்டோபர்

மலையில் போய்ச் சோதிக்க எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக் கொட்டகையிலேயே கோளாறை வரவழைக்க முடியுமா என்று பார்த்தோம். எலக்ட்ரிக் பம்பைக் கழற்றிவிட்டு, ஏ.சி. பம்புக்குப் புது டயாஃப்ரம் (பெட்ரோலை இழுத்துத் தள்ளும் சவ்வு) போட்டு மீண்டும் மாட்டினோம். பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில், உள்ளே ஓடுவது தெரிகிற மாதிரி ஒரு ஃபில்டர். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில். காயில், பம்ப், கார்புரேட்டர் மூன்றின் மேலும் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டினோம், ஏனென்றால் பளபளக்கும் உலோகத்தில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் தப்பாகக் காட்டும்.

ஞாயிறு உச்சி வெயில். பானெட்டை மூடி, வண்டியை ஸ்லோவில் ஓடவிட்டோம். வெப்ப முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். 38-வது நிமிடம் அதே இருமல், அதே மாதிரி நின்றது. மலையில் அப்படி நின்றபோது வயிற்றைக் கலக்கியது, இங்கே நின்றபோது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

உடனே பானெட்டைத் திறந்தோம். ஃபில்டர் நிறையப் பெட்ரோல், குமிழி இல்லை. ஏர் கிளீனரைக் கழற்றி ஆக்ஸிலரேட்டர் கம்பியைத் தள்ளினால் கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் கோடு போட்ட மாதிரி விழுந்தது. ஆக, பெட்ரோல் வருகிறது. ஏர் கிளீனரைத் திருப்பி மாட்டிவிட்டு, பெட்ரோல் வாடைக்குத் தள்ளி ஓரமாக ஒரு தனிப் பிளக்கை எர்த் செய்து செல்ஃப் அடித்தோம். முதலில் ஒன்றுமே இல்லை. பிறகு எப்போதாவது ஒரு மெல்லிய ஆரஞ்சுப் பொறி. நல்ல காயில் நீலமாகச் சடசடவென்று அடிக்கும்.

டேப்பில் பார்த்த வெப்பம்: பம்ப் 58 டிகிரி, காயில் 96 டிகிரி.

அதோடு விடவில்லை. பம்பில் மட்டும் ஈரத் துணி போட்டு, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை செல்ஃப் அடித்துப் பார்த்தோம். 22-வது நிமிடம்தான் பிடித்தது. மறுபடி சூடாக்கி நிற்கவைத்து, இந்தத் தடவை காயிலில் மட்டும் துணி போட்டோம், டெர்மினலில் தண்ணீர் படாமல். நான்காவது நிமிடமே பிடித்தது. அடுத்த ஞாயிறு இரண்டையும் இன்னொரு தடவை செய்தோம். பம்புக்கு 20 நிமிடம், காயிலுக்கு 6 நிமிடம். மலையில் நாங்கள் காத்திருந்த 20, 25 நிமிடம் காயில் தானாக ஆறுவதற்கான நேரம்தான்.

## காரணம்

ஆறிய காயிலின் இரண்டு டெர்மினலுக்கும் நடுவில் மல்டிமீட்டர் வைத்தால் 1.5 ஓம் காட்டியது. பாயிண்ட் வைத்த 12 வோல்ட் வண்டிக்கு, தனி ரெசிஸ்டர் இல்லாமல் ஓடும் காயில் என்றால் அது 3 ஓம் பக்கம் இருக்கவேண்டும். 1.5 ஓம் காயில் என்பது பேலஸ்ட் ரெசிஸ்டரோடு, அதாவது கரண்ட்டைக் குறைக்க வெளியே தனியாக மாட்டும் ரெசிஸ்டரோடு, சேர்த்து ஓட்டுவதற்காகச் செய்தது. காயிலின் அடிப்பக்கத்து அழுக்கைத் துடைத்துப் பார்த்தால், வெளி ரெசிஸ்டரோடு மட்டும் பயன்படுத்தவும் என்று ஆங்கிலத்தில் பொறித்தே இருந்தது. ஒன்றரை வருடம் அது அங்கேயே இருந்திருக்கிறது.

கணக்கு எளிது. 12 வோல்ட்டை 3 ஓமால் வகுத்தால் 4 ஆம்பியர், 1.5 ஓமால் வகுத்தால் 8 ஆம்பியர். காயிலுக்குள் உண்டாகும் சூடு 48 வாட்டுக்குப் பதில் 96 வாட். பாயிண்ட் மூடியிருக்கும் நேரம் முழுக்க இது போகும். பாயிண்ட் கருகியதும் அதே 8 ஆம்பியரால்தான்.

சமவெளியில் ஏன் நிற்கவில்லை? எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது ஒவ்வொரு தடவையும் பாயிண்ட் மூடியிருக்கும் நேரம் குறைவு, கரண்ட் முழு அளவுக்கு ஏறுவதற்குள் திறந்துவிடும். முன்னால் இருந்து காற்றும் அடிக்கும். மலையில் பஸ்ஸுக்குப் பின்னால் ஊரும்போது இரண்டுமே கிடையாது. காயில் உள்ளே வெந்து, இன்சுலேஷன் பலவீனமாகி, பொறி செத்துவிடுகிறது. ஆறினால் திரும்ப வந்துவிடுகிறது. அதனால்தான் இது பெட்ரோல் கோளாறைப் போலவே நடித்தது.

## செய்த மாற்றங்கள்

3 ஓம் காயில் ஒன்று, வாங்கும்போதே கடையில் மீட்டர் வைத்துப் பார்த்து வாங்கினேன். விலை ஆயிரம் ரூபாய்க்குள்தான். அதை எஞ்சினை விட்டுத் தள்ளி, காற்றுப் படும் இடத்தில் மட்கார்டு உட்புறம் மாட்டினேன். புதுப் பாயிண்ட், புதுக் கண்டன்சர்.

எலக்ட்ரிக் பம்ப் வேண்டாம் என்று முடிவெடுத்தேன். கரண்ட்டை வெட்டும் சுவிட்சோடு ஒழுங்காக மாட்டினால் அதில் தவறில்லை, ஆனால் என் வண்டிக்கு அது தேவையே இல்லை என்று தெரிந்துவிட்டது. ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் தூக்கிவிட்டு, இன்ஜெக்ஷன் கார்களுக்கு வரும், உள்ளே ஃபுளோரோ ரப்பர் பூசிய ஹோஸ் போட்டேன். டிரைவர் சீட்டுக்குக் கீழே தீயணைப்பான். கை நீட்டினால் எட்டும் இடத்தில் பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச்.

எலக்ட்ரீஷியனிடம் காயிலைக் கொண்டுபோய்க் காட்டினேன். குறை சொல்வதற்காகப் போகவில்லை, அவர் மாட்டிய மற்ற வண்டிகள் இருக்குமே என்றுதான் போனேன். அவர் காயிலை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, அதே பெட்டியில் இருந்து எடுத்து மாட்டிய இன்னொரு வண்டியின் சொந்தக்காரருக்கு என் முன்னாலேயே போன் போட்டார். மெக்கானிக் அண்ணா முதலில் நம்பவில்லை. "நாப்பது வருசமா துணி போட்டுத்தானுங்க தம்பி ஓட்டியிருக்கோம்" என்றார். கொட்டகைக்கு வரச்சொல்லி, பழைய காயிலை மாட்டி அவர் கண் முன்னாலேயே மறுபடி செய்து காட்டினோம். பொறி ஆரஞ்சாக மாறியதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அப்புறம் அந்த மீட்டர் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

## பிறகு நடந்தது

2024 ஜனவரியில் குன்னூர் போனோம், ஒரு இடத்திலும் நிற்கவில்லை. ஆனால் அன்று மேலே பனி, கீழேயும் குளிர். இதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று நோட்டில் எழுதினேன்.

உண்மையான சோதனை 2024 மே மாதம். நீலகிரிக்கு மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமாகியிருந்தது, அதை எடுத்துக்கொண்டு வேண்டுமென்றே பகல் பதினொன்றரைக்குக் கல்லாறு தாண்டினோம். அம்மாவும் கூட. அதே பஸ் வரிசை, அதே ஊர்தல். குன்னூர் போய்ச் சேர்ந்ததும் காயிலில் வெப்பம் 67 டிகிரி. வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. அம்மா சிம்ஸ் பூங்காவுக்குள் ஒன்றரை மணி நேரம் நடந்தார். பழைய போட்டோவில் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே நின்றார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். பர்லியாரில் டீ குடிக்க நிறுத்திவிட்டுத் திரும்ப எடுக்கும்போது எஞ்சின் பிடிக்கக் கொஞ்சம் நேரமானது, பெட்ரோல் வாடை வந்தது. சூட்டில் கார்புரேட்டரில் இருந்து பெட்ரோல் பொங்கி உள்ளே இறங்கியிருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்திப் பிடித்துச் செல்ஃப் அடித்தால் பிடித்துவிட்டது. அண்ணா சொன்ன பெட்ரோல் விஷயம் பொய்யில்லை. அது உண்மையாகவே இருக்கிறது, ஆனால் என் வண்டியை நடுவழியில் நிறுத்தியது அது இல்லை.

## இன்று செய்வதானால்

நின்ற முதல் நிமிடத்தை வீணாக்க மாட்டேன். ஆறும் முன்னால், துணி நனைக்கும் முன்னால், தனிப் பிளக்கில் பொறி வருகிறதா, ஃபில்டரில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பேன். இரண்டுக்கும் சேர்த்து ஒரு நிமிடம்கூட ஆகாது. இப்போது குளோவ் பாக்ஸில் ஒரு பிளக்கும் ஒரு துண்டு வயரும் எப்போதும் இருக்கின்றன. போக்குவரத்துக்கு நடுவில் நின்றால் முதலில் வண்டியை ஓரம் தள்ளி, ஆட்களை இறக்கிவிட்டுத்தான் இதெல்லாம்.

பழைய வண்டிக்கு எந்த மின்சாமான் மாட்டினாலும் மாட்டும் முன்னால் மீட்டர் வைத்து அளந்து, அந்த அளவை நோட்டில் எழுதுவேன். ஒரே சாமான் இரண்டாவது தடவை கருகினால் மூன்றாவது வாங்குவதற்கு முன்னால் ஏன் என்று தேடுவேன். பாயிண்ட் மூன்று தடவை கருகியும் நான் தேடவில்லை என்பதுதான் இதில் எனக்கு அதிகம் உறுத்துவது. மே மாதப் பயணத்துக்கு முன்னாலேயே இது தெரிந்திருக்கும். அப்புறம், பெட்ரோல் குழாயில் கை வைக்கும் எந்த மாற்றத்தையும் எஞ்சின் நின்றால் பெட்ரோல் நிற்குமா என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் செய்ய மாட்டேன்.

ஒரு வேலை இன்னும் முடியவில்லை. ஏ.சி. பம்பில் போட்ட டயாஃப்ரம் எத்தனால் பெட்ரோலை எவ்வளவு நாள் தாங்கும் என்று பார்ப்பதற்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை பம்பைத் திறக்கிறேன். முதல் தடவை நன்றாக இருந்தது. 2024 டிசம்பரில் திறந்தபோது ஓரத்தில் லேசாக விறைத்திருந்தது, மாற்றிவிட்டேன். கழற்றிய டயாஃப்ரத்தைத் தேதி எழுதி ஒரு பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன். சி.பி. பாயிண்ட் 3,400 கிலோமீட்டர் தாண்டியும் அதேதான் ஓடுகிறது.